மேல் தோட்டத்து மருந்து

"மெஹ்தா மருந்து அடிக்க ஆரம்பிச்சுட்டார். டிரம்மை உருட்டு," என்றார் கேவல் ராம், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.

"அவர் மேட்டுல இப்பதாங்க பூவே உதிருது," என்றாள் மனைவி ரேஷ்மா. "காயே கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள எதை உதிர்க்க மருந்து?"

"அதுதான் அவர் ரகசியம். நீயும் நானும் யோசிச்சு யோசிச்சுத்தான் நம்ம ஆப்பிள் எலுமிச்சம்பழம் சைஸ்ல நிக்குது."

சரிவில் மெஹ்தாவின் தோட்டம் மேலே, இவர்களுடையது கீழே. மேலே குளிர் அதிகம். எல்லாமே ஒரு வாரம் பிந்தித்தான் நடக்கும். கொத்துக்கு ஐந்து காய் பிடித்தால், ஒன்றை விட்டு மற்றதை மருந்தடித்து உதிர்க்க வேண்டும். மருந்து குறைந்தால் எல்லாம் தங்கிச் சிறுத்துவிடும். கூடினால் மரம் மொட்டை. போன வருஷம் சிறுத்தது. இந்த வருஷமும் தவறினால் மகள் கல்யாணம் நின்றுவிடும். ஆனாலும் சொந்த மூளையைத் தவிர எதையும் நம்பத் தயாராக இருந்தார் கேவல் ராம்.

"எவ்வளவு கலக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு," என்றாள் ரேஷ்மா.

"டப்பாவா ஆப்பிள் வளக்குது? மெஹ்தாகிட்டயே கேட்டுட்டேன். டிரம்முக்கு நாலு மூடி. கேட்ட உடனே சொல்லிட்டார், தங்கமான மனுஷன்."

"உப்பு கேட்டாலே இல்லைம்பார், இதை மட்டும் உடனே சொன்னாராக்கும். போன வருஷமும் அவர் சொன்ன ரெண்டு மூடிதானே போட்டீங்க?"

"அது என் கைராசி. நீ டிரம்மை உருட்டு."

அடுத்த வாரம் காய்கள் கொட்டின. கொத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கேவல் ராம் மரத்தடியில் உட்கார்ந்து அழுதே விட்டார்.

விஷயம் தெரிந்து மெஹ்தா இறங்கி வந்தார். மரம் மரமாகப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"நீங்க சொன்ன அதே அளவுதான் மெஹ்தாஜி. உங்க மரத்துல ஒரு காய்கூட விழலையே, எப்படி?"

"எல்லாம் மலைக் காத்து பண்ற வேலை, கேவல். மனசை விட்டுடாதே," என்று தட்டிக்கொடுத்துவிட்டு, மெஹ்தா கைபேசியில் தன் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டபடி வேலிப் பக்கம் ஒதுங்கினார். மரத்துக்குப் பின்னால் ரேஷ்மா நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"மன்பீர், வெறும் தண்ணியை அடிச்சு வேஷம் போட்டது போதும், நாளைக்கு நிஜ மருந்தை எடு," என்றார் தணிந்த குரலில். "போன வருஷம் இவன் மரத்துல ரெண்டு மூடி போட்டுப் பாத்தோம், பத்தலை. இந்த வருஷம் நாலு, மொட்டையாயிடுச்சு. நமக்கு மூணு சரியா இருக்கும்."