டிக்கியில் இரண்டு ஃபில்டர்கள்

என்ஜினில் இருந்த பழைய ஆயில் ஃபில்டரை மாற்ற வேண்டிய காலம் கடந்து மூவாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. கம்பெனி ஃபில்டரா, வெளி ஃபில்டரா என்று முடிவெடுக்க முடியாத தணிகாசலம், இரண்டையும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினார். டிக்கியில் ஓயாத சண்டை.

“நான் இந்தக் காருக்குன்னே பொறந்தவன்” என்றது கம்பெனி ஃபில்டர்.

“பொறந்தா போதுமா? அதே வேலைய நான் பாதி விலைக்குப் பார்ப்பேன்” என்றது வெளி ஃபில்டர்.

“யாராவது ஒருத்தர் வாங்கப்பா, மூச்சு முட்டுது” என்றது பழையது.

“அதைத்தான் பேசிட்டிருக்கோம், பொறுங்க பெரியவரே” என்றன இரண்டும்.

மாலையில் கார் மெக்கானிக் ஷெட் வாசலில் நின்றது. பழையதற்கு உயிர் வந்தது. டிக்கியைத் திறந்த தணிகாசலம், மெக்கானிக் சிபாரிசு செய்த மூன்றாவது ஃபில்டரையும் உள்ளே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

“என்ன தகராறு? முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றது புதிதாக வந்தது.