சோதனைப் படம்

திரையில் எங்கள் வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. தேதி போன வாரத்துத் தேதி.

அதே வயலில் அழுகிப்போன சம்பாப் பயிரில் ஒரு பிடி பிடுங்கிப் பையில் போட்டு, பாபநாசம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார் அப்பா. பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் வடியவில்லை. அலுவலகம் முழுக்க அந்த வாடைதான்.

“சேட்டிலைட் பச்சைன்னு காட்டுதுங்க. அழிஞ்சு போச்சுன்னு நான் எப்படி எழுதறது?” என்றார் வேளாண் அலுவலர் பரணிதரன். எங்கள் தெருவில் நாற்பது குடும்பத்துக்கு நிவாரணம் அவர் எழுதப்போகும் அந்த ஒரு வரியில் இருந்தது.

அப்பா என்னைக் கை காட்டினார். “எம் பொண்ணு செம்மொழி பெங்களூர்ல அந்த வேலைதாங்க பாக்குது. அதுவே பாத்துச் சொல்லட்டும்.”

பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த படம்.

என் வேலை வானத்தில் இல்லை, தரையில். செயற்கைக்கோளை ஏவுவதற்கு முன், கேமரா மாதிரி நடிக்கும் பெட்டி ஒன்றில் தெரிந்த படத்தைப் போட்டு அனுப்புவோம். மறுமுனையில் அதே படம் பிசகில்லாமல் வந்து சேர்கிறதா என்று பார்ப்போம். மற்றவர்கள் கட்டம் போட்ட படம் வைப்பார்கள். எனக்குக் கொழுப்பு. எங்கள் வயலின் பழைய படத்தை வைத்தேன். ஒரு வரப்பு கோணினாலும் எனக்குத் தெரிந்துவிடுமே.

சோதனை முடிந்ததும் அதை அழித்திருக்க வேண்டும். அழித்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மழை மேகம் ஊரை மறைத்த வாரத்தில், கையில் கிடைத்த தெளிவான படம் என்று அதையே எடுத்து, அந்த வாரத் தேதியைப் போட்டு வைத்துவிட்டது கணினி.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலி நான்தான். சொன்னால் வேலை போய்விடும்.

என் மௌனத்தை அப்பா வேறு மாதிரி புரிந்துகொண்டார். “எம் பொண்ணு பாக்குற மிஷின் தப்பா சொல்லாதுங்க,” என்று பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

எழுந்தவர் திரையருகே குனிந்தார். வரப்பின் மேல் நீளமாக ஒரு மஞ்சள் கோடு.

இரண்டு வருடத்துக்கு முன், ‘நாளைக்குக் காலையில பத்தரைக்கு நம்ம வயலை மேலேருந்து படம் எடுப்பாங்கம்மா’ என்று போனில் சொல்லியிருந்தேன். ‘நான் நின்னா தெரிவனாடி?’ என்று கேட்டாள் அம்மா. ஆள் தெரியாது, சேலையை விரித்தால் தெரியும் என்று விளையாட்டாகச் சொன்னேன். விரித்திருக்கிறாள். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது வெறும் கோடாகத்தான் இருந்தது.

அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“சார், இது இப்ப எடுத்த படம் இல்லீங்க. இந்தச் சேலையக் கட்டித்தான் இவ அம்மாவ அனுப்பி வச்சோம். வர்ற தையோட வருஷம் ஒண்ணு ஆவுது.”

அலுவலர் என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க. இந்தப் படத்தை வச்சது நான்தான்,” என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். அப்பா மட்டும் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.