நாற்பது நிமிடப் பெட்டிகள்

“இன்னும் எத்தனை பெட்டி சிவப்பா இருக்கு டீச்சர்?”

கேட்டவர் அறிவியல் சார். குரலில் கிண்டல் இருந்தது. சரித்திர டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் அறையின் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“பதினொண்ணு. வேலை பாக்கறவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க சார்.”

பள்ளிக்கூடத்துக்கு இந்த மென்பொருள் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. திரையில் வருஷம் முழுவதும் கட்டம் கட்டமாக விரியும். ஒரு பாடவேளைக்கு ஒரு பெட்டி, நாற்பது நிமிடம். என்ன நடத்துவது, எப்படி நடத்துவது, என்ன கேள்வி கேட்பது என்று எல்லாவற்றையும் எழுதி நிரப்பினால் பெட்டி பச்சையாகும். அதுவரை சிவப்பு. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இந்த வருஷம் ஒரு ஆசிரியரைக் குறைத்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கப் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை. பெட்டி சிவப்பாக இருப்பவருக்குச் சீட்டுக் கிழியும் என்று ஆசிரியர் அறையே முடிவு கட்டிவிட்டது.

டீச்சர் தன் வீட்டை நினைத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்து மூன்று வருஷம். டீச்சரின் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்தப் பள்ளி வாசலில் போய் நிற்பது?

அதனால் உட்கார்ந்தார். மதிய இடைவேளைகள் போயின, சனி ஞாயிறு போயின. மற்றவர்கள் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஏற்றிவிட்டு எழுந்து போனார்கள். டீச்சர் தன் இருபத்தாறு வருஷத்தையும் ஏற்றினார். போர்ப் பாடத்தில் எந்த இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், அப்போது எந்தக் கதையை எடுத்துவிட வேண்டும், ராஜாவின் முட்டாள்தனத்தைச் சொல்லும்போது எங்கே நிறுத்தினால் கடைசி பெஞ்சு சிரிக்கும், மழை நாளில் எந்தப் பாடத்தைத் தொடவே கூடாது... ஒன்றுகூட விடவில்லை.

“தும்மறதைக்கூட எழுதிட்டீங்க போலிருக்கே!” சார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. உங்க பெட்டி ஒண்ணாவது பச்சையாச்சா?”

“என் பாடமெல்லாம் இங்க இருக்கு.” சார் தன் மண்டையைத் தட்டிக் காட்டினார். “வகுப்புக்குள்ள போனா தன்னால வரும். இந்தப் பொட்டியோட எல்லாம் என்னால மாரடிக்க முடியாது.”

“விளையாடாதீங்க சார். ரெண்டு பொண்ணுங்க படிக்குது. உங்களுக்குத் தூக்கம் எப்படி வருது?”

“அதெல்லாம் அமோகமா வருது.”

பாவி மனுஷன், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே என்று டீச்சருக்கு ஆற்றாமையாக இருந்தது. மனசின் ஒரு ஓரத்தில், அப்பாடா, போகப்போவது நானில்லை என்ற நிம்மதியும் இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பெட்டியும் பச்சையானது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, வீட்டுக்காரர் அசைகிற கையால் டீச்சரின் விரல்களைத் தடவிக் கொடுத்தார்.

“பொழச்சோம்டி,” என்றார் குழறலாக. டீச்சர் அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காருங்க டீச்சர். உங்க பாடத்திட்டத்தை முழுசாப் படிச்சேன். என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை.”

“சந்தோஷம் சார்.”

மேசை மேல் ஒட்டி மூடிய உறை ஒன்று கிடந்தது. யாருக்கு என்று கேட்கவா வேண்டும்? டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

“சார், தப்பா நினைக்காதீங்க. அறிவியல் சாரை அனுப்பிடாதீங்க. ஒரே ஒரு மாசம் டைம் குடுங்க. நானே பக்கத்துல உக்காந்து அவர் பாடத்தையும் ஏத்தித் தரேன். பிள்ளைகுட்டிக்காரர் சார்.”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவரை எப்படி டீச்சர் அனுப்ப முடியும்? அவர் போயிட்டா அறிவியல் நடத்த ஆளே இல்லை,” என்றபடி உறையை டீச்சரின் பக்கம் நகர்த்தினார். “சரித்திரத்தை இனிமே யார் வேணும்னாலும் நடத்தலாம். அதான் ஒண்ணு விடாம எழுதிக் குடுத்துட்டீங்களே.”