நுரை அடங்கட்டும்

"பத்தாவதைப் பாதியில விட்டவளுக்கு அளவெல்லாம் தெரியுமாடி?" என்று பாத்திரம் கழுவும் பெண்ணிடம் பேக்கரி முதலாளியம்மா ஒருநாள் கேட்டார். இன்றைய சாக்லேட் கேக் சரியாக வந்தால் அவளுக்கு அடுப்பு வேலை, இல்லையென்றால் மறுபடி பாத்திரத் தொட்டிதான். கேக் ஈரப்பதமாக வர மாவில் ஊற்ற வேண்டிய கறுப்பு பீர் அளவுக் குவளையில் பாதிக்கு மேல் நுரையாக நிற்கிறது. "ஊத்தேன்டி, அது என்ன உன்னைக் கட்டிக்கப்போறவனா, இப்படிப் பாத்துக்கிட்டே நிக்கிற?" என்கிறாள் மாவு சலிக்கும் அக்கா. "நுரை அடங்கட்டும்க்கா. நுரையை அளந்தா கேக் வறண்டுரும்." ஜன்னல் வெயிலில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. குறைந்ததை நிரப்பிய பிறகே ஊற்றுகிறாள். மத்தியானம், ஆறிய கேக்கின் மேல் காபி கிரீம் தடவுகிறாள். முதலாளியம்மா ஒரு துண்டு வெட்டி, விரலால் அழுத்திப் பார்த்து, வாயில் போட்டு நிதானமாக மெல்லுகிறார். அப்புறம் தன் தோளில் கிடந்த அடுப்புக் கையுறைகளை எடுத்து அவள் பக்கமாக மேசையில் வைத்துவிட்டு வெளியே போகிறார்.