மாஸ்டர் மேல் ஒரு புகார்

"முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்பிடறியே, நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரனா? முன்னாடி வந்து, முகத்தைப் பார்த்துப் பேசு!"

கட்டிங் மாஸ்டர் போட்ட சத்தத்தில் நாற்பது தையல் மெஷின்களும் ஒரு கணம் நின்று, பிறகு ஓடின.

செக்கிங் வேலைக்குப் புதிதாக வந்திருந்தவளுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. இரண்டு வாரமாக இதே கூத்து. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். நாலு தடவை கூப்பிட்டுவிட்டுத் தோளைத் தொட்டால் தாம்தூம் என்று குதிப்பார். ஏதாவது விளக்கம் கேட்டால், "உன்னோட வாயாட எனக்கு நேரமில்லை, எழுதிக் கொண்டா" என்பார்.

பழைய கம்பெனியில் ஒரு சூப்பர்வைசரிடம் நாலு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு திட்டு வாங்கியவள் அவள். இனிமேல் எவனுக்கும் அடங்கிப் போவதில்லை என்ற முடிவோடுதான் இங்கே சேர்ந்தாள்.

"இந்த ஆளுக்கு எதுக்குக்கா இவ்வளவு தலைக்கனம்?" என்று பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்காவிடம் பொருமினாள்.

"அதை ஏன் கேட்கிறே போ. உடம்பு பூரா திமிரு!" அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"நான் சும்மா விடறதா இல்லை. மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுக்கப் போறேன். நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"கொண்டா. முதல் கையெழுத்து என்னுது."

எல்லாரும் பயந்து ஒதுங்குவார்கள் என்று நினைத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பதிமூன்று கையெழுத்து விழுந்துவிட்டது. இஸ்திரி போடுகிறவர் படித்துப் பார்த்துவிட்டு, "உப்புச்சப்பில்லாம இருக்கேம்மா, இன்னும் கொஞ்சம் காரமா எழுது" என்று வேறு சொன்னார்.

அன்றைக்கே புகார் மேனேஜர் மேசைக்குப் போயிற்று.

மறுநாள் முற்பகல். கரண்ட் போய், மெஷின்களெல்லாம் அடங்கின. குண்டூசி விழுந்தால் கேட்கும்.

அவள் கையில் ஒரு கோட்டுக்கு வெட்டிய துணிக்கட்டு இருந்தது. அதில் இரண்டு கையுமே இடது கையாக வெட்டப்பட்டிருந்தன. வசமாக மாட்டினார் என்று விறுவிறுவென்று போனாள்.

மாஸ்டர் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து, துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்."

திரும்பவில்லை.

"மாஸ்டர்! உங்களைத்தான்!"

ம்ஹூம்.

வந்த ஆத்திரத்தில், பக்கத்து மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டாள். ணங்! ஹாலே தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது.

மாஸ்டர் மட்டும் நிதானமாகக் கோடு போட்டு முடித்தார்.

அவளுக்குச் சுரீரென்றது. மெதுவாகச் சுற்றி வந்து அவருக்கு எதிரில் நின்றாள். அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். தன்னையே பார்க்கிற அத்தனை முகங்களையும் பார்த்தார். தரையில் கிடந்த ஸ்கேலைப் பார்த்தார்.

முகம் செத்துப்போயிற்று. சாக்பீஸை மேசையில் வீசினார்.

"என்ன, ஓடிப்போய்ச் சொல்லப் போறியா?" பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினார். "சொல்லிக்கோ! எனக்கு எவன் பரிதாபமும் வேண்டாம். முப்பது வருஷம் கத்தரி பிடிச்ச கை இது!"

பேச்சுதான் வீராப்பு. கண் அவள் உதட்டைவிட்டு நகரவில்லை.

அவள் ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "பரிதாபப்பட வரலை மாஸ்டர். ரெண்டையும் இடது கையா வெட்டி வெச்சிருக்கீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் துணிக்கட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அவளுடைய புகார் விரித்து வைத்திருந்தது.

"ஏதோ விழுந்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டுச்சு. கண்ணாடி வழியாப் பார்த்தா, பக்கத்துல நிற்கிற அந்த மனுஷன் திரும்பவே இல்லை. காது கேட்காதோ?"

அவள் மேசையில் கிடந்த புகாரைப் பார்த்தாள்.

"அப்படி ஒரு ஆளை இங்கே வெச்சிருக்க முடியாது. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவர் மேல புகார் கொடுத்தவ நீ. நீ சொன்னா நம்பறேன். கேட்குமா, கேட்காதா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். பட்ட அவமானத்துக்கெல்லாம் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால், 'வீட்டுக்கு அனுப்பிடுவேன்' என்று எச்சில் துப்புகிற மாதிரி சொன்னாரே, அது அவளுக்கு எங்கேயோ சுட்டது. முப்பது வருஷத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா?

தலையை நிமிர்த்தி, மேனேஜர் கண்ணைப் பார்த்தாள்.

"கேட்காதா? பாம்புக் காது சார் அவருக்கு! நான் எழுதிக் கொடுத்தது எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அதான் வேணும்னே திரும்பலை. அவ்வளவு கொழுப்பு!"

மேனேஜர் சிரித்துவிட்டார். "திமிரு மட்டும்தானா? தொலையட்டும் விடு. அவர் அளவுக்கு வேலை தெரிஞ்ச ஆள் எனக்கும் கிடைக்க மாட்டாங்க." புகாரை மடித்து டிராயரில் போட்டார்.

வெளியே வந்தவள் காஜா அக்கா பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம். உங்களுக்கெல்லாம் தெரியாது. மாஸ்டருக்குக் காது..."

"உஷ்! மெதுவாப் பேசு." அக்கா மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "எங்களுக்கு ஆறு வருஷமாத் தெரியும்."

"தெரியுமா? அப்புறம் எதுக்குப் புகார்ல கையெழுத்துப் போட்டீங்க?"

"திமிர் பிடிச்ச ஆளுன்னு மேனேஜர் நம்பற வரைக்கும் அவர் காது மேல யாருக்கும் சந்தேகம் வராதுடி. அதான், மூணு மாசத்துக்கு ஒருத்தர்னு முறை போட்டு, அவர் மேல நாங்களே புகார் எழுதிக்கிட்டு வர்றோம்!"