கிள்ளு

கெத்சியாவும் அவள் அக்கா எமீமாவும் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் பழைய சினிமாப் பாட்டுகளை இரண்டு குரலாகச் சேர்ந்து பாடுகிறவர்கள். அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகியும் சேர்ந்துதான் பாடுகிறார்கள். பழைய பதிவுகளை வைத்துக் கணினியில் உருவாக்கிய அக்காவின் குரல் இப்போது ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. அவள் கேட்டே இராத புதுப் பாட்டைக்கூடப் பாடிவிடுகிறது.

கெத்சியாவிடம் ஒரு குறை உண்டு. சரணத்தில் சேர வேண்டிய இடத்தில் கொஞ்சம் பிந்திவிடுவாள். உயிரோடு இருந்தவரை அக்கா, முகத்தில் சிரிப்பு மாறாமல், அவள் கையில் நறுக்கென்று கிள்ளுவாள். யாருக்காகவும் நிற்கிற ஆள் இல்லை அவள்.

போன வாரம் சவுண்ட் செட் துரைசிங் பெருமையாகச் சொன்னான்: "இனி பிந்திருமோன்னு பயமே வேண்டாம். நீங்க சேருத வரைக்கும் எமீமாக்கா உங்களுக்காவ நிப்பாவ. அப்படி மாத்திட்டேன்."

இன்று மேடையில் அந்த இடம் வந்தது. கெத்சியா வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. அக்காவின் குரல் கடைசிச் சுரத்தைப் பிடித்தபடி நின்றது. கோபமே இல்லாமல் நின்றது. மூச்சு வாங்காமல் நின்றது. அது நீண்டுகொண்டே போனதும் சனங்கள் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் குரல் ஓயவில்லை.

"சேருங்க, அவிய நிக்காவல்லா!" என்று துரைசிங் கீழேயிருந்து கெஞ்சினான்.

கெத்சியா முந்தானையை ஒதுக்கிவிட்டு, அக்கா எப்போதும் கிள்ளுகிற கையை ஒலிபெருக்கியின் பக்கம் நீட்டியபடி, தானும் காத்து நின்றாள்.