விடிவெள்ளியின் உரிமையாளர்

வானத்தில் தெரியும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஓர் உரிமையாளர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கிழக்கே பதிவு எண் இல்லாத வெளிச்சம் ஒன்றைப் பார்த்து, சந்தியாகுவின் மீன்பிடிப் படகுக் கேமரா தானாகவே ராணுவத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டது. உரிமையாளர் தெரியும்வரை அவரை ராணுவ முகாமில் பிடித்துவைத்தார்கள்.

“விடிவெள்ளின்னு அன்னைக்கே சொன்னேனே மேடம்!”

மூன்று நாள் விசாரித்த கேப்டன் மங்கையர்க்கரசியும் அதையேதான் அறிக்கையில் பதிந்தாள். கணினி ஏற்கவில்லை. உரிமையாளர் கட்டம் காலியாக இருந்தது. மேலிடத்துக்கு எழுதினாள். “உரிமையாளரைக் கண்டுபிடிக்கவும்” என்று பதில் வந்தது.

அவள் அந்தக் கட்டத்தில் தன் பெயரையே தட்டச்சு செய்தாள். கணினி ஏற்றது; சந்தியாகுவின் அறைப் பூட்டு தானாகத் திறந்தது.

சந்தியாகு தயங்கினார். “நாளைக்கும் அது வருமே மேடம்?”

“வரட்டும். இனிமே என்னைத்தான் பிடிப்பாங்க. நீங்க கடலுக்குப் போங்கண்ணே.”